படகு நின்ற இடம்

அருவி என்பது ஆற்றுவழியில் குறுக்கே நிற்கும் தடை. ஆற்றில் ஏறி வரும் படகும் இறங்கி வரும் படகும் அங்கே நின்றாக வேண்டும். சரக்கை இறக்கி, தலைச்சுமையாகவோ வண்டியிலோ அருவியைச் சுற்றிக் கொண்டுபோய், அடுத்த பக்கத்தில் வேறு படகில் ஏற்ற வேண்டும். அதற்குச் சுமக்க ஆளும் இழுக்க மாடும் வேண்டும். சரக்கு நனையாமல் இருக்கக் கிட்டங்கி வேண்டும், இரவு தங்கச் சத்திரம் வேண்டும். இவ்வளவும் கூடிவிட்டால் சுங்கம் வாங்குகிறவரும் தவறாமல் வந்து சேர்ந்துவிடுவார். பிறகு அந்த இடத்தை ஊர் என்று சொல்லத் தடையில்லை. உலகத்தின் பல நகரங்கள் இப்படித்தான், படகு மேற்கொண்டு போக முடியாமல் நின்ற இடத்தில், தோன்றியிருக்கின்றன.

சுவிட்சர்லாந்தின் வடக்கு ஓரத்தில் உள்ள ஷாஃப்ஹவுசன் அவற்றில் பழையது. கான்ஸ்டன்ஸ் ஏரியை விட்டு மேற்கே ஓடும் ரைன் ஆறு, இந்த ஊரைத் தாண்டியதும் 150 மீட்டர் அகலத்தில் 23 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. ஏரி வழியாக வந்த உப்பும் தானியமும் ஷாஃப்ஹவுசனில் கரையேறி, வண்டிகளில் அருவியைச் சுற்றிப் போய், கீழே வோர்த் என்னும் சிறு கோட்டையருகே மீண்டும் படகேறின. 1045இல் நெல்லன்பர்க் பிரபு எபர்ஹார்டுக்கு அரசர் மூன்றாம் ஹென்றி இங்கே நாணயம் அச்சடிக்கும் உரிமை கொடுத்தார். அச்சடித்த காசுக்கு வேலை இருக்கும் அளவுக்கு அப்போதே வணிகம் நடந்திருக்கிறது என்று அதிலிருந்து தெரிகிறது. நான்கு ஆண்டுகள் கழித்து அதே பிரபு ஒரு மடாலயத்தையும் நிறுவினார்.

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இது ஓர் ஊரின் கதையாக நிற்கவில்லை. அப்பலாச்சியன் மலையடிவாரத்தின் கடினப் பாறை முடிந்து கடலோரச் சமவெளியின் இளகிய மண் தொடங்கும் எல்லையில் ஆறுகள் எல்லாமே சறுக்கி விழுகின்றன. கடலிலிருந்து ஆறு வழியாக வந்த கப்பல்கள் அந்த எல்லையில் நின்றன. டிரென்டன், பிலடெல்பியா, பால்டிமோர், வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன், ரிச்மண்ட், அகஸ்டா ஆகியவற்றை வரைபடத்தில் புள்ளி வைத்து இணைத்தால் அந்தப் பாறையின் விளிம்பு கிடைத்துவிடும். 1607இல் ஜேம்ஸ் ஆற்றில் ஏறிச் சென்ற ஆங்கிலேயர் இப்போதைய ரிச்மண்ட் இருக்கும் இடத்தில் அருவிகளைக் கண்டு திரும்பினார்கள். அங்கே ஏற்கெனவே பவ்ஹட்டன் மக்களின் ஊர் இருந்தது. அருவியடியில் முதலில் குடியேறியவர் வெள்ளையர் என்று எழுதும் வழக்கம் இந்த நகரங்களில் ஒன்றுக்கும் பொருந்தாது.

ஒஹையோ ஆற்றின் லூயிவில் வேறொரு வேடிக்கை. அங்கே நீர் இரண்டு மைல் தூரத்தில் சுமார் 8 மீட்டர்தான் இறங்குகிறது. கண்ணுக்கு அது அருவியே அல்ல, ஆனால் படகோட்டிக்கு அதுவே போதும். 1778இல் தொடங்கிய குடியிருப்பு, சரக்கை இறக்கி ஏற்றியே வளர்ந்தது. 1830இல் அருவியைச் சுற்றிக் கால்வாய் வெட்டியதும் படகுகள் நிற்க வேண்டிய தேவை போயிற்று. ஆனாலும் ஊர் போகவில்லை. தடையால் கூடிய சந்தைக்கு அதற்குள் சொந்தக் கால் முளைத்திருந்தது.

நின்ற படகால் எழுந்தது முதல் வகை ஊர். விழும் நீரையே வேலைக்கு இழுத்துக்கொண்டது இரண்டாம் வகை. மிசிசிப்பி ஆற்றின் செயின்ட் அந்தோணி அருவியையும் அதன் கரையில் எழுந்த மினியாபோலிஸ் நகரத்தையும் போல அதை முழுமையாகக் காட்டும் இடம் வேறு இல்லை.

அந்தப் பேராற்றின் முழு நீளத்திலும் பெரிய அருவி அது ஒன்றுதான். டக்கோட்டா மக்கள் அதை ‘ஓவம்னியோம்னி’ என்றார்கள். சுழித்துக் கொந்தளிக்கும் நீர் என்று பொருள். அருவிக்குக் கீழே இருந்த சிறு தீவு அவர்களுக்கு ஆவிகள் உறையும் இடம். கணவன் இன்னொருத்தியை மணந்ததால் மனமுடைந்த ஒரு பெண் குழந்தையோடு படகில் ஏறி அருவியில் இறங்கிவிட்டாள் என்றும், அவள் குரல் அங்கே கேட்கும் என்றும் அவர்களிடையே கதை உண்டு. 1680இல் அவர்களிடம் பிடிபட்டிருந்த பாதிரியார் லூயி ஹென்னெபின் அருவியைப் பார்த்துவிட்டுப் பதுவா புனித அந்தோணியார் பெயரை அதற்கு வைத்தார். நம் ஊர்களில் காணாமல் போன பொருளுக்கு நேர்ந்துகொள்ளும் அதே அந்தோணியார்தான்.

அருவி ஒரே இடத்தில் நிற்பதில்லை என்பது இங்கே முக்கியமாகிறது. மேலே சுண்ணாம்புக்கல் பலகை, அதற்கடியில் கையால் உதிர்க்கக்கூடிய மணற்கல். விழும் நீர் அடியிலுள்ள மணற்கல்லைக் குடைந்தெடுக்க, தாங்குவது போன மேற்பலகை உடைந்து விழும். அருவி ஓரடி பின்வாங்கும். இப்படியே ஏறத்தாழ பத்தாயிரம் ஆண்டுகளில் அது 13 கிலோமீட்டர் மேலேறி வந்திருந்தது. ஹென்னெபின் பார்த்த இடத்தில்கூட இன்று அருவி இல்லை. இன்னும் சில நூறு மீட்டர் போனால் சுண்ணாம்புக்கல் முடிந்துவிடும், அதன்பின் அருவி வெறும் சலசலப்பாகக் கரைந்துவிடும் என்பதே நிலை. இதைத் தெரிந்தோ தெரியாமலோ அதன் தலையில் ஒரு நகரத்தை ஏற்றிவைத்தார்கள்.

முதலில் வந்தவர்கள் படைவீரர்கள். ஆற்றில் சற்றுக் கீழே ஸ்னெல்லிங் கோட்டையைக் கட்டியவர்கள் 1820களின் தொடக்கத்தில் அருவியில் மரம் அறுக்க ஓர் ஆலையும் மாவு அரைக்க ஓர் ஆலையும் வைத்தார்கள். 1837இல் உடன்படிக்கைகள் மூலம் பழங்குடிகளிடமிருந்து கிழக்குக் கரை நிலம் பறிபோனதும் குடியேற்றம் தொடங்கியது. கிழக்கே செயின்ட் அந்தோணி, மேற்கே மினியாபோலிஸ் என்று இரண்டு ஊர்கள். நீரைக் குறிக்கும் டக்கோட்டாச் சொல்லோடு நகரத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை ஒட்டவைத்த பெயர் அது. 1872இல் இரண்டும் ஒன்றாயின. வடக்குக் காடுகளின் பைன் மரங்கள் ஆற்றில் மிதந்து வந்து இங்கே பலகைகளாயின.

ஆளுக்கொரு கால்வாய் வெட்டிக்கொண்டிருந்த அந்த அவசரத்தில், மேலே உள்ள நிக்கோலெட் தீவிலும் ஆலை வைக்க ஆசைப்பட்ட ஒரு கூட்டம், சக்கரத்தைச் சுழற்றிய நீர் வெளியேற அருவிக்கு அடியிலேயே மணற்கல்லில் சுரங்கம் தோண்டியது. 1869 அக்டோபர் 5ஆம் நாள் ஆறு அதற்குள் புகுந்தது. ஆற்றின் நடுவே பெருஞ்சுழி உண்டாயிற்று. ஊர்மக்கள் ஓடிவந்து மரக்கட்டை, பாறை, வைக்கோல் என்று கிடைத்ததையெல்லாம் அதற்குள் தள்ளினார்கள். எல்லாவற்றையும் ஆறு விழுங்கியது. அருவியே இடிந்து போகும், அதோடு நகரமும் போகும் என்ற பயம் பல ஆண்டு நீடித்தது. கடைசியில் ராணுவப் பொறியாளர்கள் வந்து, சுண்ணாம்புக்கல்லுக்கு அடியில் 40 அடி ஆழத்துக்கு ஆற்றின் குறுக்கே கான்கிரீட் சுவர் எழுப்பி 1876இல் முடித்தார்கள். நீர் விழுமிடத்தில் மரப்பலகையாலான சரிவும் போடப்பட்டது. பத்தாயிரம் ஆண்டு நடந்து வந்த அருவியின் நடை அத்தோடு நின்றது. இன்று அங்கே தெரிவது பின்னாளில் போட்ட கான்கிரீட் சரிவில் வழியும் நீர்தான். அதை அருவி என்பது பழைய மரியாதை.

மரத்தை மாவு முந்தியதற்குக் காரணம் அந்தப் பகுதிக் கோதுமையின் இயல்பு. குளிர் நாடு என்பதால் வசந்தத்தில் விதைக்கும் கோதுமைதான் அங்கே விளையும். அதன் உமித்தோல் எளிதில் நொறுங்கும். திருகைக் கல்லில் அரைத்தால் தவிட்டுத்தூள் கலந்து மாவு கறுத்துப்போகும், விலை போகாது. 1870களில் ரவையைச் சல்லடையில் பரப்பி, கீழிருந்து காற்று செலுத்தித் தவிட்டைப் பறக்கவிடும் இயந்திரம் வந்தது. கல்லுக்குப் பதில் இரும்பு உருளைகளில் படிப்படியாக அரைக்கும் ஹங்கேரி முறையும் வந்து சேர்ந்தது. வாங்க ஆளில்லாத கோதுமை நாட்டிலேயே வெள்ளையான மாவைக் கொடுத்தது. வாஷ்பர்ன், பில்ஸ்பரி என்ற இரண்டு ஆலைக்காரர் பெயர்கள் பணக்காரப் பெயர்களாயின.

விலை இல்லாமல் அது வரவில்லை. 1878 மே 2ஆம் நாள் மாலை வாஷ்பர்னின் ‘ஏ’ ஆலையில் காற்றில் மிதந்த மாவுத்தூள் தீப்பற்றி வெடித்தது. அக்கம்பக்கத்து ஆலைகளும் நொறுங்கின. 18 பேர் இறந்தார்கள். ரைஸ் மில்லிலும் மாவு மில்லிலும் நின்று பார்த்தவர்களுக்கு அந்தத் தூசி தெரியும். அது வெடிமருந்துக்குச் சமம் என்பதை அந்த நகரம் அந்த மாலையில் கற்றது. அதன்பின் ஆலைகளில் தூசியை உறிஞ்சும் கருவிகள் வந்தன. இரண்டே ஆண்டில் ஆலை மீண்டும் எழுந்தது. 1880இலிருந்து ஐம்பது ஆண்டுகள் மினியாபோலிஸ்தான் அமெரிக்காவின் மாவுத் தலைநகர். 1930இல் அந்த இடத்தைப் பிடித்த பஃபலோ நகரம் நயாகரா அருவிக்குப் பக்கத்து ஊர் என்பது தற்செயல். ஏரிக் கப்பலும் ரயில் கட்டணமும்தான் அங்கே முடிவு செய்தன. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. கப்பல்கள் அருவியை ஏறிக் கடக்க மதகுத் தொட்டிகள் கட்டியபோது டக்கோட்டாக்களின் ஆவித் தீவில் எஞ்சியிருந்ததும் அகற்றப்பட்டது. 1963இல் திறந்த மேல் மதகை, ஆசியக் கெண்டை மீன் மேலேறிவிடக் கூடாது என்று 2015இல் மூடிவிட்டார்கள்.

இதே காலத்தில் தாமிரபரணியிலும் ஆலைச் சக்கரம் சுழலத் தொடங்கியது. பொதிகையிலிருந்து இறங்கும் ஆறு சமவெளியைத் தொடும் பாபநாசத்தில், ஹார்வி சகோதரர்களின் திருநெல்வேலி மில் 1885இல் அருவி நீரின் வேகத்தைக் கொண்டு நூல் நூற்றது. பாபநாசநாதர் கோயிலும் படித்துறையும் பல நூற்றாண்டாக அங்கே இருந்தன. ஆனால் பக்கத்திலுள்ள விக்கிரமசிங்கபுரத்தை ஒரு நகரமாக்கியது மில் சங்குதான். கரிசல் காட்டுப் பருத்தியை மலையடிக்குக் கொண்டுவந்து, நூலாக்கி, திரும்பத் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அனுப்பினார்கள். நிலக்கரி கிடைக்காத ஊரில் அந்தச் சுற்றுவழியும் லாபமாகவே இருந்தது. கர்நாடகத்தில் கட்டபிரபா ஆற்றின் கோகாக் அருவிக்கு அருகேயும் 1880களில் இப்படியே நூற்பாலை எழுந்தது.

பாபநாசத்திலிருந்து அதிகத் தொலைவில்லாத குற்றாலம் இந்தக் கணக்கில் அடங்காது. சிற்றாற்றில் படகு இல்லை. ஆலைக்குப் போதுமான நீர் ஆண்டு முழுவதும் வருவதும் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்றின் சாரல் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதால் ஆனி முதல் ஆவணி வரை பேரருவியும் ஐந்தருவியும் கொட்டும். அந்தச் சில மாதத்துக்காகத்தான் குற்றாலம். சம்பந்தர் பாடிய குற்றாலநாதர் கோயிலும் சித்திரசபையும் இருந்தும், சந்தையும் தறியும் கடைத்தெருவும் ஐந்து கிலோமீட்டர் தள்ளித் தென்காசியில் சேர்ந்தன. 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் பெருங்கோயில் கட்டியதும் அங்கேதான். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் குற்றாலத்தில் ஜாதிக்காயும் கிராம்பும் பயிரிட்டுப் பார்த்தார்கள், வெள்ளை அதிகாரிகள் சீசனுக்குப் பங்களா கட்டிக்கொண்டார்கள். அருவி இருந்தால் மட்டும் போதாது, அது எந்தத் தொழிலை நிறுத்தியது, எந்தத் தொழிலை ஓட்டியது என்பதைப் பொறுத்தே ஊர் வளரும் என்பதற்குக் குற்றாலம் சாட்சி.

மின்சாரம் வந்ததும் கணக்கு அடியோடு மாறியது. நீர்ச்சக்கரம் சுழற்றும் தண்டும் பட்டையும் சில நூறு மீட்டருக்கு மேல் வேலையைக் கடத்த முடியாது. அதனால்தான் ஆலை அருவியை விட்டு நகர முடியாமல் இருந்தது. ஷாஃப்ஹவுசனில் 1866இல் ஹைன்ரிக் மோசர் ரைனில் அணை கட்டி, இரும்புக் கயிறுகளால் கரையோரப் பட்டறைகளுக்குச் சக்தி கொடுத்தார். அதை நம்பித்தான் பாஸ்டன் கடிகாரக்காரர் ஃப்ளாரன்டைன் ஜோன்ஸ் 1868இல் அங்கே ஐ.டபிள்யூ.சி. கடிகாரத் தொழிலைத் தொடங்கினார். கயிறு எட்டிய தூரம்தான் நகரத்தின் எல்லை. 1896இல் நயாகராவின் மின்சாரம் கம்பியில் பஃபலோ போனபோது அந்த எல்லை உடைந்தது. 1950ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி, சுற்றுலாப் பருவத்தின் பகல் நேரத்தில் நயாகராவில் வினாடிக்கு ஒரு லட்சம் கன அடி நீராவது விழ வேண்டும். மற்ற நேரத்தில் பாதி போதும். பார்க்க ஆள் இல்லாதபோது அருவியும் மின்நிலையத்துக்கு வேலைக்குப் போகிறது.

இந்தியாவில் இந்த உடைப்பு காவிரியின் சிவசமுத்திரத்தில் நடந்தது. ஆறு இரண்டாகப் பிரிந்து ககனசுக்கி, பரசுக்கி என்று விழுமிடத்துத் தீவில் பழைய காலத்தில் ஒரு கோட்டையூர் இருந்தது. உம்மத்தூர்த் தலைவன் கங்கராயனை வென்று 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிருஷ்ணதேவராயர் அதைப் பிடித்தார். அதன்பின் தீவு காடாயிற்று. மைசூர் ரெசிடென்ட்டிடம் வேலை பார்த்த ராமசாமி முதலியார் 19ஆம் நூற்றாண்டில் அங்கே கல்பாலங்கள் கட்டி, கோயில்களைப் புதுப்பித்து, தீவையே ஜாகீராகப் பெற்றார். ஆனாலும் ஊர் திரும்பவில்லை.

மைசூர் திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் திட்டமிடப்பட்ட மின்நிலையம் 1902 ஜூன் 30ஆம் நாள் ஓடத் தொடங்கியது. டர்பைன் சுவிட்சர்லாந்திலிருந்தும் மின்னாக்கிகள் அமெரிக்காவிலிருந்தும் வந்தன. மின்சாரம் 92 மைல் கம்பியில் நேரே கோலார் தங்கவயலுக்குப் போயிற்று. அங்கே சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும் பகுதியினர் தமிழ்த் தொழிலாளர்கள். மூன்றாண்டில் அதே மின்சாரம் பெங்களூர் வீதிகளில் விளக்கேற்றியது. வேனிலில் அருவி மெலிந்து மின்சாரம் குறையவே, நீரைத் தேக்கி ஒரே சீராக விடவும் பாசனத்துக்கும் சேர்த்து 1911இல் கண்ணம்பாடியில் கிருஷ்ணராஜ சாகர் அணை வேலை தொடங்கியது. அந்த அணையைக் குறித்த தகராறுதான் சென்னை மாகாணமும் மைசூரும் 1924இல் செய்துகொண்ட காவிரி ஒப்பந்தத்தில் போய் நின்றது. கோலாரில் ஒரு நகரம் பெருத்தது, பெங்களூர் மாநகரமாயிற்று. அருவியின் கரையில் எழுந்தது மின்நிலைய ஊழியர்களுக்கான ‘பிளஃப்’ என்ற சிறிய குடியிருப்பு மட்டும்.