செவிலியரின் கையில் நோயறிதல்: எதுவரை, எதன்படி?

சைனிக்புரி என்ற பெயரிலேயே அந்த இடத்தின் தோற்றம் தெரிகிறது. செகந்திராபாத்தின் வடகிழக்கில், படைப்பணியை முடித்தவர்கள் வீடு கட்டிக் குடியேறுவதற்காக உருவாகி, பிற்பாடு எல்லாத் தொழிலினரும் வாழும் நகர்ப்பகுதியாக விரிந்த இக்குடியிருப்பில், ஓய்வூதியர்களின் நாட்பட்ட நோய்களுக்கும் மழைக்காலத்தில் எந்த வீட்டையும் விட்டுவைக்காத காய்ச்சல்களுக்கும் ஒருசேர மருத்துவம் தேவைப்படுகிறது. முன்னாள் படைவீரர்களுக்கு 2003 ஏப்ரல் 1 அன்று தொடங்கப்பட்ட பங்களிப்பு சுகாதாரத் திட்டத்தின் பாலிகிளினிக்குகள் இருக்கின்றன. ஐதராபாத்தின் எளிய குடும்பங்களுக்கு, 2018 முதல் தெலங்கானா அரசு திறந்துவரும் ‘பஸ்தி தவாகானா’ என்னும் பேட்டை மருத்துவமனைகள் இருக்கின்றன. இவற்றுள் எதில் நுழைந்தாலும், கையில் பட்டையைச் சுற்றி இரத்த அழுத்தம் பார்ப்பவர், விரல்நுனியில் குத்திச் சர்க்கரை பார்ப்பவர், எத்தனை நாள் காய்ச்சல் என்று முதலில் கேட்பவர் பெரும்பாலும் செவிலியரே. அவ்வாறாயின், பொதுவான நோய்களைக் கண்டறிவதிலும் அவற்றுக்கு மருத்துவம் செய்வதிலும் செவிலியரின் பங்கு எதுவரை செல்லலாம், எந்த விதியின்படி செல்லலாம் என்பது நோயாளி ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டிய செய்தியாகிறது.

ஒரு சொல், இரண்டு பொருள்

நோயறிதல் என்ற சொல் மருத்துவரிடத்திலும் செவிலியரிடத்திலும் ஒரே பொருளைத் தருவதில்லை. மருத்துவ நோயறிதல் உடலில் நேர்ந்த கோளாற்றுக்குப் பெயரிடுகிறது. நிமோனியா, நீரிழிவு, டெங்கு என்பவை அத்தகைய பெயர்கள். செவிலிய நோயறிதல் என்பதோ, அந்தக் கோளாற்றால் ஒரு மனிதர் அன்றாட வாழ்வில் எதைச் செய்ய முடியாமல் தவிக்கிறார், அடுத்த சில மணி நேரத்தில் அவருக்கு என்ன ஆபத்து நேரக்கூடும் என்பதைக் கண்டு எழுதுவதாகும். நிமோனியா என்று மருத்துவர் எழுதிய அதே நோயாளியைப் பற்றி, சளியைத் தானே வெளியேற்ற முடியாத நிலை, நீரிழப்பு ஏற்படும் வாய்ப்பு, எழுந்து நடந்தால் விழும் ஆபத்து என்று செவிலியர் எழுதுவார். இவ்வகைக் குறிப்புகளுக்கு ஒரு பொதுச் சொல்வழக்கை உருவாக்கும் முயற்சி 1973 இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் கூடிய மாநாட்டில் தொடங்கியது. ஆராய்தல், நோயறிதல், திட்டமிடல், செயற்படுத்தல், பயனை மதிப்பிடல் என்னும் ஐந்து படிகளைக் கொண்ட ‘செவிலிய நடைமுறை’ இன்று செவிலியர் கல்லூரிகளின் பாடத்தில் அடிப்படையாக அமைந்திருக்கிறது.

இதில் மேற்கிலிருந்து வந்தது சொல்வழக்கு மட்டுமே. கருத்து தமிழுக்குப் புதிதன்று. திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பிரிக்கும்போது, நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு அருகிலிருந்து பார்த்துக்கொள்பவரையும் சமமான கூறாக வைத்தே எண்ணுகிறது.

நுண்ணோக்கியிலிருந்து விரல்நுனிக்கு

இவ்விரண்டு நோயறிதல்களுக்கும் இடையில் இருந்த வேலி கடந்த நூற்றாண்டில் எவ்வாறு நகர்ந்தது என்பதற்குச் செகந்திராபாத்தே நல்ல சான்று. மதராஸ் படையோடு வந்த தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வேரூன்றியிருக்கும் இந்தப் படைநகரில்தான், 1897 ஆகஸ்ட் 20 அன்று, படை மருத்துவரான ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். அன்று மலேரியாவை உறுதிசெய்ய நுண்ணோக்கியும், அதில் பயிற்சி பெற்ற மருத்துவரின் கண்ணும் தேவைப்பட்டன. இன்றோ, ஒரு சொட்டு இரத்தத்தை ஓர் அட்டையில் விட்டு ஏறத்தாழ 20 நிமிடங்களில் கோடு தெரிகிறதா என்று பார்க்கும் விரைவுச் சோதனையைக் கிராம சுகாதாரப் பணியாளரே செய்துவிடுகிறார். நோயைக் கண்டறியும் கருவி எளிதாகும்போதெல்லாம் நோயறிதலின் ஒரு பகுதி மருத்துவரின் மேசையிலிருந்து செவிலியரின் கைக்கு இடம்பெயர்கிறது என்பதே இந்த வரலாறு தரும் பாடம்.

மருத்துவத்திலும் இந்த இடப்பெயர்வு நடந்திருக்கிறது. 1971 இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியபோது, இரத்தக்குழாய் வழியே ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மகலானபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர்களைக் கொண்டே புகட்டச் செய்தார். சுமார் 30 விழுக்காடாக இருந்த இறப்பு அவருடைய கண்காணிப்பில் 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் துத்தநாக மாத்திரையும் இன்று செவிலியரே வழங்கும் மருந்துகளாக இருப்பதற்கு அந்த முகாமின் அனுபவம் வழிவகுத்தது.

எண்ணுதல், வகைப்படுத்தல், அனுப்புதல்

செவிலியர் செய்யும் நோயறிதல் ஊகத்தை நம்பி நடப்பதில்லை. நெறிமுறை எனப்படும், முன்கூட்டியே எழுதப்பட்ட படிநிலைகளை நம்பி நடக்கிறது. இதன் தெளிவான வடிவம், பச்சிளங்குழந்தை மற்றும் குழந்தைப் பருவ நோய்களின் ஒருங்கிணைந்த மேலாண்மைத் திட்டத்தில் காணப்படுகிறது. இருமலோடு வரும் குழந்தையின் மார்பு ஒரு நிமிடத்தில் எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று செவிலியர் முழு நிமிடம் எண்ணுகிறார். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, இரண்டு மாதம் முதல் ஓராண்டு வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 என்பவை எல்லைகள். எண்ணிக்கை அந்த எல்லையைத் தொட்டாலோ கடந்தாலோ அது வேகமூச்சு எனக் கொள்ளப்படுகிறது. பின்னர் அக்குழந்தை மூன்று வண்ணங்களுள் ஒன்றில் சேர்க்கப்படுகிறது: உடனே மருத்துவமனைக்கு அனுப்பவேண்டிய நிலை இளஞ்சிவப்பு, நிலையத்திலேயே மருந்து கொடுத்துக் கண்காணிக்கவேண்டிய நிலை மஞ்சள், வீட்டுப் பராமரிப்பே போதுமான நிலை பச்சை. நுரையீரல் ஒலியைக் கேட்டறியும் குழாயோ எக்ஸ்ரே படமோ இல்லாத இடத்தில், கடிகாரமும் கவனமும் கொண்டு ஓர் உயிரைக் காக்கும் ஏற்பாடு இது.

பெரியவர்களின் நோய்களிலும் இதே ஒழுங்கு பின்பற்றப்படுகிறது. உட்கார்ந்து ஓய்வெடுத்தபின் அளக்கப்படும் இரத்த அழுத்தம் மீண்டும் மீண்டும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் உயர் இரத்த அழுத்தம் என்றும், வெறும் வயிற்றில் எடுத்த சர்க்கரை 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் நீரிழிவு என்றும் கொள்வது வழக்கம். கர்ப்பிணியின் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இறங்கினால் அது இரத்தசோகை. இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமல் காசநோய்ச் சளிப் பரிசோதனையைக் கோருகிறது. இந்த எண்கள் அனைத்தும் செவிலியரால் அளக்கவோ கேட்டறியவோ கூடியவை என்பதால் நோயின் ஐயம் எழும் முதல் இடம் அவருடைய பதிவேடாக அமைகிறது. ஐயத்தை உறுதிசெய்வதும் முதல் மருந்துச்சீட்டை எழுதுவதும் மருத்துவரின் பொறுப்பாக நீடிக்கின்றன.

டெங்குவில் செவிலியரின் கண் இன்னும் நுட்பமாகத் தேவைப்படுகிறது. காய்ச்சல் தணிந்துவிட்டது என்று குடும்பத்தினர் நிம்மதியடையும் மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாள் வரையிலான காலமே இந்நோயில் ஆபத்தானது. இரத்தக்குழாய்களிலிருந்து நீர்மம் கசிந்து அழுத்தம் சரிவது அப்போதுதான் நேர்கிறது. கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறுகளில் இரத்தக்கசிவு, அசாதாரணச் சோர்வு ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் நோயாளியை உடனடியாக மேல்நிலை மருத்துவமனைக்கு அனுப்புவது செவிலியரின் கடமை. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டுமே கொடுத்து, இரத்தக்கசிவைத் தூண்டக்கூடிய ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் போன்றவற்றைத் தவிர்க்கச் சொல்வதும் அவர் பணியில் அடங்கும். உரிய நேரத்தில் அனுப்புவதும் மருத்துவமே. அதைத் திறமைக்குறைவாக எண்ணுவது பெரும் பிழை.

சட்டம் வரையும் கோடு

இந்தியச் சட்டம் இப்பணியை ஒரு கையால் கொடுத்து மறு கையால் கட்டுப்படுத்துகிறது. 1945 ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் எச் அட்டவணையில் உள்ள மருந்துகளைப் பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டின்றி விற்கக்கூடாது. ஆயினும் அரசின் துணை சுகாதார நிலையங்களில் பணிபுரியும் செவிலியர் மருந்து வழங்குவதற்கு அதே விதிகளின் கே அட்டவணை விலக்களிக்கிறது. 2014 இல் நடுவண் அரசு வெளியிட்ட வழிகாட்டுதல், கடுந்தொற்றுக்கு ஆளான இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையை மருத்துவமனைக்கு அனுப்பும் முன்னர் ஜென்டாமைசின் ஊசியையும் அமாக்சிசிலினையும் தரத் துணைச் செவிலியருக்கு இடமளித்தது. 2018 இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் நலவாழ்வு மையங்களில், ஆறு மாதச் சமுதாய சுகாதாரச் சான்றிதழ்ப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் இடைநிலை சுகாதாரப் பணியாளர்களாக அமர்த்தப்பட்டு, மருத்துவர் தொடங்கிவைத்த இரத்த அழுத்த மருந்தையும் சர்க்கரை மருந்தையும் மாதந்தோறும் தொடர்ந்து வழங்குகின்றனர். தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், 2019 இன் 32 ஆம் பிரிவு சமுதாய சுகாதாரப் பணியாளர்களுக்கு வரையறுக்கப்பட்ட உரிமம் வழங்க இடம் செய்தபோது, அரைகுறைப் பயிற்சி பெற்றவர்கள் மருத்துவர்களாக உலவ வழி திறக்கும் என்று இந்திய மருத்துவச் சங்கம் கடுமையாக எதிர்த்தது.

அந்த அச்சம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆனால் செவிலியரின் எல்லையைச் சட்டம் தெளிவாக எழுதாதபோது, எல்லை மறைந்துபோவதில்லை. அந்தந்த நாளின் கூட்டமும் நெருக்கடியும் வரையும் கோடாக அது மாறிவிடுகிறது. மருத்துவர் விடுப்பில் இருக்கும் நாளில் வரிசையில் நிற்கும் நோயாளியைத் திருப்பி அனுப்பினாலும் செவிலியருக்குப் பழி, மருந்து கொடுத்தாலும் பழி என்ற நிலை எவருக்கும் பாதுகாப்பானதன்று. 1965 இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டும் ஹென்றி சில்வரும் ‘நர்ஸ் பிராக்டிஷனர்’ என்னும் உயர்நிலைச் செவிலியர் பயிற்சியைத் தொடங்கியபோது, பயிற்சியும் அதிகாரமும் பொறுப்பும் சேர்ந்தே வளரவேண்டும் என்ற புரிதல் உருவாயிற்று. இந்தியாவில் தீவிர சிகிச்சைக்கும் பேறுகாலப் பராமரிப்புக்கும் இத்தகைய பயிற்சிகள் வந்துவிட்டன. மிகுதியான மக்களைத் தாக்கும் பொதுவான நோய்களுக்கான முதன்மைப் பராமரிப்பில் அதற்கு இணையான தெளிவு இன்னும் தேவைப்படுகிறது.

வீட்டு வாசல் வரை

தெலங்கானாவின் பேட்டை மருத்துவமனையில் ஒரு மருத்துவர், ஒரு செவிலியர், ஓர் உதவியாளர் என்ற சிறு குழுவே பணியாற்றுகிறது. அங்கு எடுக்கப்படும் இரத்த மாதிரிகள் அரசின் பொது ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டுக் கட்டணமின்றிப் பரிசோதிக்கப்படுகின்றன. தமிழ்நாடு வேறொரு வழியைத் தேர்ந்தது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’, பெண் சுகாதாரத் தன்னார்வலர், இயன்முறை மருத்துவர், நோய்த்தணிப்புச் செவிலியர் ஆகியோரை வீட்டு வாசலுக்கே அனுப்புகிறது. நாட்பட்ட நோய்களில் முதல் மருந்துச்சீட்டைப் போலவே, நூறாவது நாளும் மாத்திரை விடாமல் விழுங்கப்படுகிறதா என்பதும் உயிர்நிலையான கேள்வி என்பதை இத்திட்டம் உணர்ந்திருக்கிறது. இரத்த அழுத்தம் வலிக்காத நோய். வலிக்காததால் மருந்து நிறுத்தப்படுகிறது. நிறுத்தியதன் விளைவு பக்கவாதமாகவோ சிறுநீரகச் செயலிழப்பாகவோ பிற்பாடு வந்து நிற்கிறது. இந்தச் சங்கிலியை இடையில் அறுக்கக்கூடியவர், மாதந்தோறும் அதே முகத்தைப் பார்க்கும் செவிலியர்.

நோயாளிகளும் குடும்பத்தினரும் இதில் செய்யவேண்டியவை உண்டு. சாதாரணக் காய்ச்சலுக்கு ஊசி போடுமாறும், சோர்வுக்குச் சலைன் ஏற்றுமாறும் செவிலியரை வற்புறுத்துவதைக் கைவிடவேண்டும். நெறிமுறையில் இல்லாததைச் செய்ய மறுக்கும் செவிலியர் நோயாளியைப் பாதுகாக்கவே மறுக்கிறார். இரத்த அழுத்தமோ சர்க்கரையோ பார்க்கப்பட்டால் நார்மல் என்ற ஒற்றைச் சொல்லோடு எழுந்துவிடாமல், எண் என்ன என்று கேட்டு, தேதியோடு கைக்குறிப்பேட்டில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. ஒரு நாளின் எண் ஒரு செய்தி மட்டுமே. ஆறு மாதத்தின் எண்கள் வரிசையாக நிற்கும்போது அதுவே நோயறிதலாகிறது. மருத்துவர் மாறலாம், மருத்துவமனையும் மாறலாம். செவிலியர் தம் கையால் அளந்து எழுதிய அந்த வரிசை நோயாளியோடு கூடவே சென்று, அடுத்து அவரைப் பார்ப்பவருக்கு எங்கிருந்து தொடங்கவேண்டும் என்பதைச் சொல்லும்.