பெருங்கோப்புகளை அனுப்புதல்: இலவச இணையச் சேமிப்பகத்தைத் தேர்ந்தெடுக்கும் முறை

ஆராய்ச்சிச் சாலையில் எடுத்த படங்கள், வயல்வெளியில் பதிவு செய்த அளவீடுகள், கருத்தரங்குகளின் ஒலிப்பதிவுகள் ஆகியவை யாவும் இன்று கணினிக் கோப்புகளாகவே ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் செல்கின்றன. இவற்றுள் பல மின்னஞ்சலில் அடங்காத அளவுடையவை. ஆதலின் ஆராய்ச்சியாளரும் ஆசிரியரும் மாணவரும் இலவச இணையச் சேமிப்பகங்களை நாடுகின்றனர். எச்சேவை மிகுதியான இடம் தருகிறது என்பதை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுப்பதே பெரும்பாலோர் வழக்கம். அந்த ஓர் அளவுகோல் போதாது என்பதையும், இச்சேவைகளை ஓடமாகக் கொள்ளலாமேயன்றிக் களஞ்சியமாகக் கொள்ளலாகாது என்பதையும் இக்கட்டுரையில் விளக்குவோம்.

மின்னஞ்சலின் எல்லை

மின்னஞ்சல் முறை எழுத்துகளை அனுப்புவதற்கென்றே முதன்முதலில் வகுக்கப்பட்டது. படம், ஒலி போன்றவற்றை அதன்வழி அனுப்ப வேண்டுமாயின், கோப்பிலுள்ள ஒவ்வொரு 3 பைட்டுகளையும் 4 எழுத்துகளாக மாற்றுவது வழக்கம். இதனால் கோப்பு செல்லும்போது தன் அளவில் மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடுகிறது. அஞ்சலைக் கைமாற்றும் ஒவ்வொரு நிலையமும் அதனை முழுவதுமாகப் பெற்று வைத்துக்கொண்டே அடுத்த நிலையத்திற்கு அனுப்புகிறது. ஆகவே அஞ்சல் சேவைகள் இணைப்புக் கோப்புகளுக்கு ஓர் எல்லை வகுத்துள்ளன. ஜிமெயிலில் அவ்வெல்லை 25 மெகாபைட். நல்ல காமிராவில் எடுத்த நிழற்படங்கள் சில சேர்ந்தாலே இவ்வெல்லை எட்டப்பட்டுவிடும்.

சேமிப்பகத்தின் முறை வேறு. அனுப்புபவர் கோப்பை ஒரு கம்பெனியின் சர்வர் கணினியில் ஏற்றிவைத்து, அதன் இருப்பிடத்தைக் காட்டும் இணைப்பு முகவரியை மட்டும் அனுப்புகிறார். பெறுபவர் தமக்கு வசதியான வேளையில் அங்கிருந்து அதனை இறக்கிக்கொள்கிறார். இச்சேவைகள் இருவகைப்படும். கணக்கு ஒன்றைத் தொடங்கி, நாமாக நீக்கும்வரை கோப்பை வைத்திருக்க இடந்தருவது ஒரு வகை; சில நாட்களில் தானே அழிந்துபோகும் இணைப்பை மட்டும் தருவது மற்றொரு வகை. ஒருவருக்கு ஒருமுறை அனுப்புவதற்கு இரண்டாம் வகையே போதும்.

அளவும் நிபந்தனையும்

இலவசமாகத் தரும் இடம் கூகுள் டிரைவில் 15 ஜிகாபைட். மைக்ரோசாஃப்ட் கம்பெனியின் ஒன்டிரைவில் 5 ஜிகாபைட். டிராப்பாக்ஸில் 2 ஜிகாபைட். நியூஸிலாந்தைச் சேர்ந்த மெகா சேவையில் 20 ஜிகாபைட். எண்களை மட்டும் ஒப்பிட்டால் தேர்வு எளிதாகத் தோன்றும். ஆயினும் ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னும் நிபந்தனைகள் உள்ளன.

கூகுள் தரும் 15 ஜிகாபைட் அஞ்சல், நிழற்படம், கோப்பு ஆகிய மூன்றுக்கும் பொதுவானது. முன்னர் சுருக்கிய வடிவில் ஏற்றிய நிழற்படங்கள் கணக்கில் சேர்க்கப்படவில்லை. 2021 ஜூன் முதல் தேதியிலிருந்து புதிதாக ஏற்றுபவையும் சேர்க்கப்படுகின்றன. இடம் நிரம்பிவிட்டால் கோப்பு ஏற்ற இயலாததோடு, அஞ்சல் வருவதும் நின்றுபோகும். நேர்முகத் தேர்வுக்கான அழைப்பையோ, ஆய்வேட்டைப் பற்றிய முடிவையோ எதிர்நோக்கியிருப்பவர் இதனை நினைவிற் கொள்ள வேண்டும். அன்றியும், தனியார் கணக்கு ஒன்று இரண்டாண்டுகள் உபயோகிக்கப்படாமற் கிடந்தால் அதனை உள்ளடக்கத்தோடு நீக்கலாம் என்னும் விதியை கூகுள் 2023 டிசம்பரிலிருந்து செயற்படுத்தி வருகிறது.

தந்த இடத்தைக் குறைப்பதும் உண்டு. ஒன்டிரைவ் முன்னர் 15 ஜிகாபைட் அளித்து வந்தது. அதனை 5 ஜிகாபைட்டாகக் குறைக்கும் முடிவு 2015 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. இலவசச் சேவையின் அளவு ஒப்பந்தத்தால் நிலைபெற்ற உரிமையன்று. வழங்குவோர் மாற்றக்கூடிய சலுகையேயாகும்.

நேரக் கணக்கு

கோப்பின் அளவைப் பைட்டிலும், இணைப்பின் வேகத்தை விநாடிக்கு இத்தனை பிட் என்றும் கூறுவது மரபு. ஒரு பைட்டில் 8 பிட்டுகள் உண்டு. ஆகவே 2 ஜிகாபைட் கோப்பு என்பது 1,600 கோடி பிட்டுகளாகும். விநாடிக்கு 10 மெகாபிட், அதாவது ஒரு கோடி பிட், செல்லும் இணைப்பில் இதனை அனுப்ப 1,600 விநாடி, ஏறத்தாழ 27 நிமிஷம், தேவை. விநாடிக்கு 2 மெகாபிட் மட்டுமே செல்லுமாயின் 2 மணி 13 நிமிஷம் ஆகும்.

பல இணைப்புகளில் இறக்கும் வேகத்தைவிட ஏற்றும் வேகம் குறைவு. விளம்பரங்களில் காணும் எண் பெரும்பாலும் இறக்கும் வேகத்தையே குறிக்கும். எனவே ஏற்றும் வேகத்தை அளந்து அறிந்துகொள்வது நலம். மின்சாரமோ இணைப்போ இடையிடையே நின்றுபோகும் ஊர்களில், விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி எல்லாவற்றினும் முக்கியமானது. டிராப்பாக்ஸ் போன்ற சேவைகள் கணினியில் நிறுவுவதற்கென அளிக்கும் செயலிகள், கோப்பைச் சிறு துண்டுகளாகப் பிரித்து அனுப்புகின்றன. இணைப்பு அறுந்தால் எஞ்சிய துண்டுகளை மட்டும் அனுப்பினாற் போதும்.

அனுப்புமுன் கோப்பைச் சுருக்குவதும் பயன் தரலாம். எண் அட்டவணைகளும் எழுத்துக் கோப்புகளும் நன்கு சுருங்கும். ஜேபெக் வடிவிலுள்ள நிழற்படங்கள் ஏற்கெனவே சுருக்கப்பட்டவையாதலின் மேலும் சுருங்குவது மிகக் குறைவே.

சாவி யாரிடம் உள்ளது?

பெரும்பாலான சேவைகள் கோப்பைக் குறியாக்கம் செய்தே வைக்கின்றன. ஆயினும் அதன் சாவி வழங்குவோரிடமே இருப்பதால், அவர்கள் விரும்பினாலும், சட்டம் கட்டளையிட்டாலும், திருடர் உட்புகுந்தாலும், கோப்பு திறக்கப்படலாம். 2012-ஆம் ஆண்டில் டிராப்பாக்ஸ் சேவையிலிருந்து களவாடப்பட்ட 6 கோடியே 80 லட்சத்திற்கு மேற்பட்ட கணக்குகளின் விவரங்கள் 2016-ஆம் ஆண்டில் வெளிப்பட்டன. அவற்றில் அஞ்சல் முகவரிகளும், உருமாற்றிய நிலையில் கடவுச்சொற்களும் இருந்தன.

மெகா போன்ற சேவைகளில் குறியாக்கம் உபயோகிப்பவரின் கணினியிலேயே நடைபெறுகிறது. எனினும், 2022-ஆம் ஆண்டில் ஸூரிச் நகரிலுள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சியாளர் அச்சேவையின் குறியாக்க அமைப்பிலும் குறைகளைக் கண்டறிந்து வெளியிட்டனர். ஆகவே அந்தரங்கமான கோப்பை ஏற்றுமுன் நாமே பூட்டிவிடுவது சிறந்தது. செவன்-ஸிப் என்னும் இலவசச் செயலி ஏஇஎஸ்-256 முறையில் இதனைச் செய்கிறது. கடவுச்சொல்லை இணைப்பு முகவரியோடு சேர்த்து அனுப்பாமல் தொலைபேசி போன்ற வேறு வழியில் தெரிவிக்க வேண்டும். கடவுச்சொல்லை மறந்தால் கோப்பை மீட்டுத் தருவார் எவருமில்லை என்பதையும் நினைவிற் கொள்க.

இணைப்பைப் பகிரும்போது, அது கிடைத்த எவரும் திறக்கலாம் என்ற அமைப்பைத் தவிர்த்து, குறிப்பிட்ட நபர்கள் மட்டும் திறக்கலாம் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுப்பது நன்று.

சேவைகள் மறைதல்

ஓடத்தைக் களஞ்சியமாகக் கொண்டவர்க்கு நேரும் இன்னலுக்கு மெகாஅப்லோட் சேவையின் வரலாறு சான்றாகும். பதிப்புரிமைக் குற்றச்சாட்டின் பேரில் அமெரிக்க நீதித்துறை 2012 ஜனவரி 19-ஆம் தேதி அச்சேவையை முடக்கியது. குற்றம் ஏதும் செய்யாத பலருடைய கோப்புகளும் அதனுடன் முடங்கின. ஒஹையோ மாநிலத்தில் பள்ளி விளையாட்டுப் போட்டிகளைப் படமெடுப்பதைத் தொழிலாகக் கொண்ட ஒருவர், தம் படங்களைச் சொந்த வன்தட்டில் வைத்து, ஒரு பிரதியை அச்சேவையிலும் வைத்திருந்தார். சேவை முடங்குவதற்குச் சில நாட்களுக்கு முன்னர்தான் அவருடைய வன்தட்டு பழுதாகியிருந்தது. தம் படங்களைத் திரும்பப் பெற நீதிமன்றத்தை நாடிய அவர், ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது.

குற்றச்சாட்டு இல்லாமலும் சேவைகள் மறைகின்றன. உபுண்டு ஒன் 2014-ஆம் ஆண்டிலும், ரேப்பிட்ஷேர் 2015-ஆம் ஆண்டிலும் மூடப்பட்டன. மோஸில்லா ஸ்தாபனம் 2019 மார்ச்சில் தொடங்கிய ஃபயர்பாக்ஸ் ஸெண்ட், தீய செயலிகளைப் பரப்புவோர் அதனைத் தகாத வழியில் உபயோகித்ததால் 2020 ஜூலையில் நிறுத்தப்பட்டு, செப்டம்பரில் முற்றிலும் கைவிடப்பட்டது. சேவை வேறிடத்தில் இயங்கிக்கொண்டிருந்தும் இங்கு எட்டாமற் போவதும் உண்டு. 2020 மே மாதத்தில் நமது தொலைத்தொடர்புத் துறை, வீட்ரான்ஸ்ஃபர் சேவையைத் தடுக்குமாறு இணைய இணைப்பு வழங்குவோருக்கு உத்தரவிட்டது.

ஆகவே முதற்பிரதி நம்மிடம் இருத்தல் வேண்டும். அதன் மறுபிரதி மற்றொரு வன்தட்டிலும் இருத்தல் வேண்டும். சேமிப்பகத்திலுள்ளது பயணத்திற்கான பிரதி மட்டுமே.

சேர்ந்தது சரியானதா?

அனுப்பிய கோப்பும் பெற்ற கோப்பும் ஒன்றே என்பதை எவ்வாறு அறிவது? இதற்கு ஷா-256 என்னும் கணித முறை உதவுகிறது. கோப்பு எவ்வளவு பெரிதாயினும், இம்முறை அதிலிருந்து 64 குறிகள் கொண்ட ஒரு சரத்தைத் தருகிறது. கோப்பில் ஒரு காற்புள்ளி மாறினாலும் சரம் முழுவதும் வேறாகிவிடும். அனுப்புபவர் தாம் கணித்த சரத்தைத் தெரிவிக்க, பெறுபவர் தம் பிரதிக்குக் கணித்த சரத்தோடு ஒப்பிடலாம். இரண்டும் ஒத்திருந்தால் கோப்பு பழுதின்றிச் சேர்ந்தது எனத் துணியலாம். இக்கணக்கைச் செய்யும் வசதி விண்டோஸ், லினக்ஸ் ஆகிய இரு இயக்க முறைமைகளிலும் உள்ளது. முதற்பிரதியை இடம் கருதி நீக்க எண்ணுவோர், இச்சோதனை முடியுமுன் அதனைத் தொடலாகாது.

அலுவலகக் கோப்புகள்

மத்திய சர்க்கார் ஊழியர்களுக்கென 2022-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட கணினிப் பாதுகாப்பு விதிகள், வெளியிடத் தகாத அலுவலகக் கோப்புகளை கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ் போன்ற சர்க்கார் சாராச் சேவைகளில் ஏற்றலாகாது எனக் கூறுகின்றன. தேசிய ஆய்வுக்கூடங்களில் பணிபுரிவோர், தம் நிலையத்தின் விதிகளைக் கேட்டறிந்த பின்னரே எச்சேவையையும் உபயோகிக்க வேண்டும். 2015-ஆம் ஆண்டில் தொடங்கிய டிஜிலாக்கர், சான்றிதழ்களையும் உரிமப் பத்திரங்களையும் வைத்துக் காட்டுவதற்குரியது, பெருங்கோப்புகளை அனுப்புவதற்கன்று.

தேர்வுக்கு முன் கேட்க வேண்டியவை

மேற்கூறியவற்றை ஐந்து கேள்விகளாகத் தொகுக்கலாம். கோப்பின் அளவு அச்சேவையின் எல்லைக்குள் அடங்குமா? பெறுபவர் இறக்கிக்கொள்ளும்வரை இணைப்பு அழியாதிருக்குமா? ஏற்றுதல் இடையில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடருமா? சாவி யாரிடம் உள்ளது? நாளையே அச்சேவை மூடப்பட்டால் நாம் இழப்பது என்ன?

கடைசிக் கேள்விக்கு 'ஒன்றுமில்லை' என்று விடை கூறக்கூடியவர், முதல் நான்கிற்கும் ஏற்ற எந்த இலவசச் சேவையையும் அச்சமின்றி உபயோகிக்கலாம். அவ்வாறு விடை கூற இயலாதவர், சேமிப்பகத்தைத் தேடுமுன் மற்றொரு வன்தட்டில் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்வதே முதற்கடமையாகும்.