உஷார்! எண்ணெய்க் கையோடு ரசீது வாங்காதீர்கள்

சுங்கைப் பட்டாணியில் ஒட்டுக்கடை வடையைச் சுடச்சுடத் தின்றுவிட்டு, விரலில் எண்ணெய் மினுங்க அப்படியே பேரங்காடிக்குள் நுழைகிறோம். காசு கட்டியதும் நீட்டப்படும் ரசீதை அதே விரலால் வாங்குகிறோம். அங்கேதான் வினை!

அந்தச் சீட்டில் மை கிடையாது. தாளின் மேல்பூச்சு சூடு பட்டுக் கறுப்பதால்தான் எழுத்து தெரிகிறது. நகத்தால் கீறிப் பாருங்கள், கறுப்புக் கோடு விழும். அந்தப் பூச்சில் பெரும்பாலும் கலப்பது பிஸ்பினால். உடம்புக்குள் போனால் ஈஸ்ட்ரோஜன் சுரப்பி நீரைப் போல வேஷம் கட்டும் ரசாயனம்.

சூரிச் மாநில உணவுக் கண்காணிப்பு ஆய்வகம் இதை அளந்து 2010இல் வெளியிட்டது. சோதித்த 13 தாள்களில் 11இல் பிஸ்பினால் ஏ இருந்தது, கிலோவுக்கு 8 முதல் 17 கிராம் வரை. சீட்டை 5 வினாடி பிடித்தாலே, உலர்ந்த இரு விரல்களில் சுமார் 1 மைக்ரோகிராம் ஒட்டியது. ஈரமோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் பத்து மடங்கு! ஒட்டியதெல்லாம் இரத்தத்தில் கலந்துவிடாதுதான். ஆனால் அதே விரலைத்தானே வாயில் வைக்கிறோம்? ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் வகுத்த நாள் அளவு, 60 கிலோ எடையுள்ளவருக்கு வெறும் 12 நானோகிராம். ஒரு மைக்ரோகிராம் என்பது 1,000 நானோகிராம்.

கைத்தூய்மித் திரவமும் காப்பாற்றாது. அதைத் தடவிய ஈரக் கையோடு ரசீதைப் பிடித்து, பிறகு உருளை வறுவல் தின்றவர்களின் இரத்தத்தில் பிஸ்பினால் ஏ சட்டென்று ஏறியதை 2014இல் அமெரிக்காவின் மிசூரி ஆய்வு காட்டியது.

ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஜனவரி முதல் ரசீதுத் தாளில் 0.02 விழுக்காட்டுக்கு மேல் பிஸ்பினால் ஏ கூடாது என்றது. மலேசியா 2012 மார்ச்சிலேயே பால் புட்டியில் அதைத் தடை செய்தது. புட்டியைத் தூக்கி எறிந்த அதே தாய், ரசீதைப் பிள்ளை கையில் விளையாடக் கொடுக்கிறாள்! 'பிஸ்பினால் ஏ இல்லை' என்று போட்டிருந்தாலும் நம்பிவிடாதீர்கள். அதன் தம்பி பிஸ்பினால் எஸ் உட்கார்ந்திருக்கக்கூடும்.

நாம் வாங்குவது நாளைக்கு இரண்டு சீட்டு. பீடோங், பாடாங் செராய் தோட்டங்களிலிருந்து பஸ் ஏறிப்போய் கல்லாவில் நிற்கும் நம் பெண் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் கிழித்துக் கொடுக்கிறார்கள். கையுறை கேளம்மா. கர்ப்பிணி என்றால் வேறு வேலை கேள். பசியாறும் முன் சவர்க்காரம் போட்டுக் கழுவு.

ரசீதை வடைப் பையில் திணிக்காதீர்கள். பழைய பேப்பர்க்காரரிடம் போடும் கட்டிலும் சேர்க்காதீர்கள். கூழாகி, டிஷ்யூவாகி, அது நம் முகத்துக்கே திரும்பி வரும்.