சாமியாரை உயர்த்துவதும் பேப்பர்! கவிழ்ப்பதும் பேப்பர்!

டீக்கடை பெஞ்சில் தினமும் நடக்கும் விசாரணை

வீரசோழன்:–

அருப்புக்கோட்டை பஸ் வந்து நின்றால் போதும். டீக்கடை பெஞ்சில் பேப்பர் கை மாறும். சாமியார் செய்தி இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

"எல்லாம் பிராடுப் பயலுகய்யா!" என்பார் ஒருவர்.

"சும்மா பேசாதீக. டி.வி.யில பார்த்தேன், எம்புட்டு சனம்!" என்பார் இன்னொருவர்.

இரண்டு பேருமே அந்தச் சாமியாரை நேரில் பார்த்தது இல்லை. ஒருவர் பார்த்தது பேப்பரை. மற்றவர் பார்த்தது டி.வி.யை.

திருச்சுழி பையன்

பக்கத்தில் இருக்கும் திருச்சுழியையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 1879 டிசம்பர் 30-ந் தேதி வக்கீல் சுந்தரம் அய்யர் வீட்டில் பிறந்த பையன் வெங்கட்ராமன். 16 வயதில் மதுரையில் சீட்டு எழுதி வைத்துவிட்டு வீட்டை விட்டுக் கிளம்பினான். 1896 செப்டம்பர் 1-ந் தேதி திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தான். அவர்தான் ரமண மகரிஷி!

1934-ல் இங்கிலாந்து பத்திரிகைக்காரர் பால் பிரண்டன் ரமணரைப் பற்றி ஒரு புத்தகத்தில் எழுதினார். அதன் பிறகு வெளிநாட்டுக்காரர்கள் வரத்து அதிகமானது. 1938-ல் நாவலாசிரியர் சாமர்செட் மாம் வந்தார்.

ரமணரிடம் எந்த மாற்றமும் இல்லை. அதே கோவணம், அதே மலை. ஒரு புத்தகம் வந்தது, உலகத்தின் பார்வை மாறியது.

விராலிமலையில் பயங்கரம்

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். விராலிமலை அருகே ஆசிரமம் நடத்தியவர் பிரேமானந்தா. இலங்கையில் இருந்து வந்தவர். வாயில் இருந்து லிங்கம் எடுத்தார். வெறுங்கையில் விபூதி வரவழைத்தார். 'அற்புதம்' என்று ஜனங்கள் கூடினார்கள்.

உள்ளே பெண்கள் பட்ட பாடு வெளியே தெரியவில்லை. 1994-ல் தப்பி வந்தவர்கள் வாய் திறந்த பிறகுதான் குட்டு உடைந்தது. பிரேமானந்தா கைதானார். 13 பேரைக் கற்பழித்ததாகவும், ஒரு வாலிபரைக் கொன்றதாகவும் வழக்கு. 1997-ல் புதுக்கோட்டை கோர்ட்டு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. 2005-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. 2011-ல் கைதியாகவே இறந்தார்.

அற்புதத்தை நம்பிய கூட்டம், அந்தப் பெண்கள் பேசும் வரை ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

ஜப்பானில் நடந்த தவறு

சந்தேகப்பட்டு எழுதினால் மட்டும் போதுமா? அதுவும் போதாது. 1994 ஜூன் மாதம் ஜப்பானில் மட்சுமோட்டோ நகரில் விஷவாயு பரவி 7 பேர் இறந்தார்கள். முதலில் தகவல் கொடுத்தவரையே போலீஸ் சந்தேகித்தது. பேப்பரும் டி.வி.யும் அவரைக் கொலைகாரர் போலக் காட்டின. அவருடைய மனைவியோ அதே வாயுவில் நினைவிழந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார்!

உண்மையில் செய்தது 'ஓம் ஷின்ரிக்கியோ' என்ற புது மதக் கூட்டம். 1995 மார்ச்சில் டோக்கியோ சுரங்க ரெயிலிலும் அதே வாயுவை விட்டது. அதன் பிறகே உண்மை வெளிவந்தது. பத்திரிகைகள் மன்னிப்புக் கேட்டன. அந்த அம்மாள் 14 வருஷம் படுக்கையிலேயே கிடந்து 2008-ல் இறந்தார்.

மூன்று கேள்விகள்

'அற்புதம்' என்று தலைப்புப் போட ஒரு நிமிஷம் ஆகாது. 'போலி' என்று போடவும் ஒரு நிமிஷம் ஆகாது. இப்போது செல்போனில் வரும் அரை நிமிஷப் படத்துக்குத் தலைப்பே தேவை இல்லை. பள்ளிவாசலும் கோவிலும் அருகருகே உள்ள ஊர்களில், ஒரு பொய்ப் படம் வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியது இல்லை.

ஆகவே சாமியார் செய்தியைப் பார்த்தால் மூன்று கேள்வி கேளுங்கள். புகார் கொடுத்தது யார்? எதிர்த்தரப்பு என்ன சொன்னது? கோர்ட்டு என்ன சொன்னது?

மூன்றுக்கும் பதில் இல்லையா? டீயைக் குடியுங்கள். தீர்ப்பு நாளைக்கு இருக்கட்டும்!