ஒரு கிடா... 4,80,000 டாலர்!

ஆடு வாங்கணும்னா சந்தைக்குப் போவோம். பேரம் பேசி, சில ஆயிரங்களில் ஓட்டிட்டு வந்துடலாம். அமெரிக்காவில் ஒருத்தர் 2013-ல் ஒரு கிடாவுக்காக 4,80,000 டாலரை எண்ணி வைத்தார். அன்றைய கணக்கில் நம்ம ஊர்ப் பணம் இரண்டரைக் கோடிக்கு மேல்! இதில் காமெடி என்னன்னா, அந்தக் காசுக்கு அவர் கைக்கு வந்தது ஆடு இல்லை பாஸ். மோன்டானா மாநில மலைகளில் காட்டுக் கிடா ஒன்றைத் தேடிப்போய்ச் சுட்டுக்கொள்ளலாம் என்கிற அனுமதிச் சீட்டு மட்டும்தான். நாள்கணக்கில் அலைந்தும் கிடா கண்ணில் படலைன்னா, வெறுங்கையோடு இறங்க வேண்டியதுதான். 2024-ல் நியூ மெக்சிகோ மாநிலத்தின் இதே மாதிரிச் சீட்டு 13 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

‘யாருக்குய்யா இந்த வேண்டாத வேலை?’ன்னுதானே கேட்கிறீங்க? நானும் அப்படித்தான் கேட்டேன். ப்ராபபிலிட்டி அசைன்மென்ட்டுக்குக் குலுக்கல் கணக்கு ஒண்ணு தேடப்போய் மாட்டினேன். அசைன்மென்ட்டை விட்டுட்டு மூணு நாள் ஆடு மேய்ச்சேன்!

ஹீரோவை அறிமுகப்படுத்திடறேன். பேர் பிக்ஹார்ன். வட அமெரிக்காவின் ராக்கி மலைகளிலும் பாலைவனப் பாறைகளிலும் வாழும் காட்டுச் செம்மறி. நல்லா வளர்ந்த கிடா 130 கிலோ வரை இருக்கும். சுருண்ட கொம்பு மட்டுமே 14 கிலோ வரை வரும். நம்ம நீலகிரி வரையாடுகூட இதுக்குத் தூரத்துச் சொந்தம்தான். வெள்ளாட்டைவிடச் செம்மறிக்குத்தான் வரையாடு நெருக்கம்னு 2005-ல் வந்த மரபணு ஆய்வு சொன்னது. ஆனா நம்ம ஊரில் 1972 சட்டப்படி வரையாட்டைச் சுடுவது குற்றம். அங்கே கதை வேறு.

வெள்ளைக்காரர்கள் மேற்கே குடியேறுவதற்கு முன் பிக்ஹார்ன்கள் லட்சக்கணக்கில் இருந்தன. இறைச்சிக்காகவும் கொம்புக்காகவும் சுட்டுத் தள்ளியது ஒரு பக்கம். வீட்டுச் செம்மறி மந்தைகள் மலையேறி மேய, அதுகளிடமிருந்து ஒட்டிய நிமோனியா இன்னொரு பக்கம். போன நூற்றாண்டின் நடுவில் மிச்சம் இருந்தவை 25,000-க்கும் கீழே. அரிசோனாவில் இவற்றைக் காப்பாற்றக் களத்தில் இறங்கியது யார் தெரியுமா? ஸ்கூல் பசங்க! 1936-ல் ஃபிரெடரிக் பர்ன்ஹாம் என்கிற பழைய ராணுவ ஒற்றர் (சாரணர் இயக்கத்தைத் தொடங்கின பேடன் பவலுக்கே காட்டு வித்தை சொல்லிக்கொடுத்தவர்) பத்தாயிரம் சாரணச் சிறுவர்களைத் திரட்டினார். போஸ்டர், பேச்சுன்னு மாநிலத்தையே கலக்கினாங்க. 1939-ல் கோஃபா, கபேசா ப்ரியேட்டா என்று இரண்டு சரணாலயங்கள் பிறந்தன. சேர்ந்து 15 லட்சம் ஏக்கர்!

இன்றைக்கு அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து எண்பதாயிரத்துக்கும் மேலே பிக்ஹார்ன்கள் இருக்கு. வேட்டையும் இருக்கு. ஆனா அளவுச் சாப்பாடுதான். ஹெலிகாப்டரில் பறந்து தலையை எண்ணி, வளர்ந்த கிடாக்களில் சின்னப் பங்குக்கு மட்டும் சீட்டு போடுவாங்க. சில மலைகளுக்கு வருஷத்துக்கு ஒண்ணு, ரெண்டு சீட்டுதான். கேட்கிறவங்களோ ஆயிரக்கணக்கில். அப்போ யாருக்குக் கொடுக்கிறது? வந்ததுய்யா சிக்கல்!

நெவாடா மாநிலம் எடுத்த வழியைப் பாருங்க. குலுக்கலில் தோற்றால் வருஷத்துக்கு ஒரு போனஸ் பாயின்ட். அடுத்த முறை அந்தப் பாயின்ட்டின் வர்க்கத்தோடு ஒண்ணைக் கூட்டி, அத்தனை குலுக்கல் எண்கள் உங்களுக்கு. பத்து வருஷம் தோற்றவருக்கு 101 எண்கள். இன்றைக்கு முதல்முறை வரிசைக்கு வருபவருக்கு ஒரே ஒரு எண்.

கேட்க நியாயமாத்தான் இருக்கு. பேப்பரை எடுங்க. ஒரு சீட்டு, நூறு பேர்னு வெச்சுக்குவோம். எல்லாருமே புதுசுன்னா ஆளுக்கு 1 சதவீத வாய்ப்பு. அதில் 50 பேர் பத்துப் பாயின்ட் ஆசாமிகள், 50 பேர் புதியவர்கள்னா, மொத்த எண்கள் 5,100. புதுசா வந்தவனுக்கு 5,100-ல் ஒண்ணு. அதாவது 0.02 சதவீதம். சரி, பத்து வருஷம் காத்திருந்த பெருசுக்கு? வெறும் 2 சதவீதம்! புதியவன் வாய்ப்பை ஐம்பதில் ஒண்ணாகச் சுருக்கி, பெருசுக்குக் கிடைச்ச லாபம் ரெண்டு மடங்குதான். நூறு பேருமே பத்துப் பாயின்ட் வைத்திருந்தால்? மறுபடி அதே 1 சதவீதம். வரிசை நீளமாகும், ஆனா நகராது. பாயின்ட் கணக்கு வைத்திருக்கும் மாநிலங்களில் இந்தப் பாயின்ட் வீக்கம்தான் பெரிய தலைவலி.

ஐடஹோ மாநிலத்தில் இந்த வம்பே கிடையாது. பாயின்ட்டும் இல்லை, சீனியாரிட்டியும் இல்லை. தாத்தாவும் பேரனும் ஒரே குடத்தில் சீட்டு. ஆனா ஒரு கண்டிஷன். காட்டுச் செம்மறிக்கு விண்ணப்பித்தால், மான் போன்ற மற்ற பெரிய விலங்குகளுக்கான முக்கியக் குலுக்கல்களில் அந்த வருஷம் கலந்துக்க முடியாது. முழுக் கட்டணமும் முன்கூட்டியே கட்டணும். ‘சும்மா போட்டு வைப்போம்’ பார்ட்டிகள் தானாகக் கழண்டுக்குவாங்க. என் ஓட்டு இதுக்குத்தான்!

சரி, அந்த 4,80,000 டாலர்? அது மேனேஜ்மென்ட் கோட்டா மாதிரி. ஓரிரு சீட்டை மட்டும் குலுக்கலில் போடாமல் ஏலம் விடுவாங்க. காசு ஆட்டுக்கே போகுது. காலியான மலைகளுக்குப் புது மந்தையை ஏற்றிவிட, நோயை ஆராய, வீட்டுச் செம்மறி வளர்க்கிறவங்களுக்குப் பணம் கொடுத்து மேய்ச்சல் உரிமையை விட்டுக்கொடுக்க வைக்க. ‘காட்டு விலங்கு ஊர்ப் பொதுச் சொத்து. பணக்காரனுக்கு மட்டும் தனிக் கதவா?’ன்னு அங்கேயும் கொதிக்கிறாங்க. கொதிக்கிறவங்க பக்கம் நியாயம் இருக்கு. அந்தப் பணம் இல்லாமல் பல மந்தைகள் திரும்பி வந்திருக்காதுங்கிறதும் நிஜம்.

சீட்டு கிடைச்சாலும் எந்தக் கிடாவையும் சுட்டுட முடியாது. அலாஸ்காவின் டால் செம்மறியில், பொதுவான விதிப்படி கொம்பு முழு வட்டம் சுற்றியிருக்கணும், அல்லது ரெண்டு நுனியும் உடைஞ்சிருக்கணும், அல்லது எட்டு வயசாகியிருக்கணும். கொம்பில் இருக்கும் வளையங்களை எண்ணித்தான் வயசு பார்ப்பாங்க, அதுவும் தூரத்திலிருந்து டெலஸ்கோப்பில்!

இதிலும் ஒரு உள்குத்து. கனடாவின் ஆல்பர்ட்டாவில் ராம் மவுன்டன்னு ஒரு மலை. அங்கே கொம்பு ஐந்தில் நாலு பங்கு வட்டம் சுற்றினாலே சுடலாம்னு இருந்தது. வேகமாகக் கொம்பு வளர்ந்த கிடா, இனம் பெருக்கும் வயசுக்கு முன்னாடியே குண்டுக்குப் பலி. சின்னக் கொம்புக்காரன் தப்பிச்சுக் குடும்பம் நடத்தினான். முப்பது வருஷக் கணக்கைப் பார்த்த விஞ்ஞானிகள், கிடாக்களின் கொம்பே சின்னதாகிப்போச்சுன்னு 2003-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதினாங்க. அதில் பரம்பரை எவ்வளவு, தீனிக் குறைவு எவ்வளவுன்னு பிறகும் சண்டை நடந்தது. ஆல்பர்ட்டாக்காரங்க அந்த மலையில் விதியை முழு வட்டமாக இறுக்கிட்டாங்க.

இதையெல்லாம் ரூம்மேட்கிட்ட ஒப்பிச்சேன். ரெண்டு வருஷம் ஹாஸ்டல் ரூமுக்குக் காத்திருந்து இடம் பிடிச்சவன் அவன்.

“ஐடஹோ எல்லாம் அநியாயம்டா. இருபது வருஷம் நின்னவனுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?”

“மரியாதை கொடுத்தா ரெண்டு சதவீதம்தான்டா வருது!”

“அந்த ரெண்டுக்குத்தான்டா அவன் நிக்கிறான்” என்றபடி என் பேப்பரைப் பிடுங்கி, பதினைந்து பாயின்ட்டுக்குக் கணக்குப் போட ஆரம்பிச்சுட்டான்.