மேசைமேல் ஒரு கணினிக் கூட்டம்

கொக்குவில் ஒரு காலத்திற் சுருட்டுத் தொழிலாற் பெயர்பெற்று விளங்கிய ஊர். சுருட்டுக் கொட்டிலின் வேலைமுறையை அறிந்தோர்க்கு இக்காலத்துக் கணினியியலின் அரிய கருத்தொன்று எளிதில் விளங்கும். பெருந்தொகையான புகையிலையை ஒருவரே சுருட்டப் புகுந்தால் நாள்கள் பல கழியும். பதின்மருக்குப் பகிர்ந்தளித்தால் வேலை விரைவில் முடியும். அவரவர் சுருட்டியதை அவரவரே எண்ணிச் சொல்ல, முதலாளி அவற்றைக் கூட்டினால் மொத்தத் தொகை கிடைத்துவிடும். ஒருவர் நோயுற்றால் அவர் பங்கை மற்றொருவரிடம் கொடுத்தல் கூடும். பரவல் தரவுச் செயலாக்கம் என்பதும் இத்தகையதே. ஒரு கணினிக்கு அடங்காத தரவைப் பல கணினிகளுக்குப் பகிர்ந்து, ஒவ்வொன்றும் தன் பங்கைக் கணித்தபின், விடைகளை ஒன்றுசேர்ப்பது அதன் முறை.

இம்முறையை விளக்கும் ஆய்வுக் கட்டுரையொன்றைக் கூகுள் நிறுவனத்தார் 2004ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அக்கருத்தைத் தழுவி எழுந்த ‘ஹடூப்’ என்னும் மென்பொருள் 2006இல் தனித் திட்டமாயிற்று. 2009இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிலி வளாகத்தில் ‘ஸ்பார்க்’ தோன்றியது. இரண்டும் இன்று அப்பாச்சி அறக்கட்டளையின் கீழ் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆயிரக்கணக்கான கணினிகளில் இயங்கவல்ல இவற்றை, ஒரேயொரு கணினியை வைத்திருக்கும் கொக்குவில் மாணவர் எங்ஙனம் பயில்வது?

அதற்கு வழியுண்டு. ஹடூப் மூவகையாக இயங்கும். முதலாவது தனித்த வகை. எல்லா வேலையும் ஒரே செயன்முறைக்குள் நடைபெறும். இரண்டாவது போலிப் பரவல் வகை. கணினி ஒன்றே ஆயினும், வெவ்வேறு கணினிகளில் நடக்கவேண்டிய பணிகள் அதனுள்ளே தனித்தனிச் செயன்முறைகளாக இயங்கும். மூன்றாவது உண்மையான முழுப் பரவல் வகை. மாணவர் முதலிரண்டையும் தம் மேசையிலேயே அமைத்துக்கொள்ளலாம்.

முதற்கண் வேண்டுவது ஜாவா. மிகப் புதிய ஜாவாவே சிறந்ததென்று கருதுதல் தவறு. தெரிந்தெடுத்த ஹடூப் பதிப்புக்கு எந்த ஜாவா பொருந்துமென அதன் கையேடு கூறுகின்றதோ அதனையே நிறுவுதல் வேண்டும். ஜாவா இருக்கும் இடத்தை ஹடூப்பின் அமைப்புக் கோப்பிற் குறித்தபின், தனித்த வகையிற் சொற்களை எண்ணும் மாதிரிச் செய்நிரலை ஓட்டிப் பார்க்கலாம். அது விடை தந்தால் அடிப்படை சரியென்று கொள்ளலாம்.

அடுத்துப் போலிப் பரவல் வகை. கணினி தன்னுட் கடவுச்சொல்லின்றித் தானே நுழைவதற்கு எஸ்.எஸ்.எச். திறவுகோல் அமைக்கவேண்டும். ஹடூப் வழக்கமாக ஒவ்வொரு தரவுத் துண்டுக்கும் மூன்று படிகளை வெவ்வேறு கணினிகளில் வைக்கும். இங்கே கணினி ஒன்றேயாதலால் அவ்வெண்ணை ஒன்றாக்க வேண்டும். எந்தத் துண்டு எங்கேயுள்ளது என்னும் பதிவேட்டை வைத்திருப்பது பெயர்முனை. அதனைத் தொடக்கத்தில் ஒருமுறை மட்டும் வடிவமைத்தல் வேண்டும். மீண்டும் வடிவமைத்தாற் பதிவேடு அழிந்து, பழைய தரவு இருந்தும் இல்லாததாகிவிடும்.

மின்தடைக்குப் பழகிய நம் நாட்டில் ஒன்றைச் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் நாள்தோறும் பல மணிநேரம் மின்சாரம் நின்றதை எவரும் மறந்திலர். ஹடூப், வேறு இடம் குறிப்பிடாவிடின், தன் தரவைத் தற்காலிகக் கோப்புறையிலேயே வைக்கும். பல லினக்ஸ் முறைமைகள் கணினி மீளத் தொடங்கும்போது அக்கோப்புறையை வெறுமையாக்கும். நேற்று இயங்கிய பெயர்முனை இன்று எழாமைக்குப் பலகாலும் இதுவே காரணம். நிலையான கோப்புறையொன்றை முதல்நாளே குறித்துவிட்டால் இத்துன்பம் இல்லை.

இனி, மேசைமேற் கிடைத்த வெற்றியை முழு வெற்றியென நம்புதலும் ஆகாது. ஒரு கொட்டிலின் சுவரிலே பலகையொன்றைத் தொங்கவிட்டால், சுருட்டுவோர் யாவரும் அதில் எண்ணிக்கையைக் குறிக்கலாம். பத்துக் கொட்டில்கள் பத்து ஊர்களில் இருந்தால், அவரவர் தத்தம் சுவரிலேயே எழுதுவர். முதலாளியின் பலகை வெறுமையாகவே இருக்கும். அதுபோலவே, ஸ்பார்க்கைத் தனிக்கணினியில் ஓட்டும்போது பொதுவான ஒரு மாறியிற் கூட்டிய எண் சிலவேளை சரியாகத் தோன்றக்கூடும். பல கணினிகளில் ஓட்டும்போதோ தலைமைச் செய்நிரலின் மாறியில் எண் ஏறாது, பிழைச்செய்தியும் எழாது. பிழை தெரியாமலே பிழையான கணக்கு வெளிவருதல் எத்துணைக் கேடு! இதற்கெனவே ஸ்பார்க் ‘திரட்டி’ என்னும் வசதியைத் தருகின்றது. ‘டொக்கர்’ போன்ற கருவியால் ஒரே கணினிக்குள் மூன்று நான்கு தனி முனைகளை அமைத்து, அவற்றுள் ஒன்றை வேண்டுமென்றே நிறுத்திப் பார்த்தால், இத்தகைய குறைகள் பல வெளிப்படும். வலையமைப்பின் தாமதமும் வன்தட்டின் பழுதும் மட்டும் உண்மைக் கூட்டத்திலேயே முற்றாக விளங்கும்.

இத்துறை நம் நாட்டுக்குப் புதியதன்று. நிகழ்வுகளை வந்த கணத்திலேயே ஆராயும் ‘சித்தி’ என்னும் மென்பொருள் மொறட்டுவைப் பல்கலைக்கழக மாணவரின் ஆய்வுத் திட்டமாகத் தொடங்கி, 2011இல் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. அப்பாச்சித் திட்டங்களின் மூலநிரல் எவர்க்கும் திறந்தேயுள்ளது. அதனைப் பதிவிறக்கி, தம் கணினியிற் கட்டி, ஒரு சோதனையை ஓட்டி, ஒரு சிறு பிழையைத் திருத்தி அனுப்பும் மாணவர், கொக்குவிலிலிருந்து அனுப்பினும் கொழும்பிலிருந்து அனுப்பினும், அத்திருத்தம் அதன் தகுதி கொண்டே மதிக்கப்படும்.