கரையான் விட்டுவைத்த பாடல்கள்

வேங்கிக்காலில் நின்றால் அண்ணாமலை கண்ணெதிரே தெரியும்.

அந்த மலையைச் சம்பந்தர் 2 பதிகங்களில் பாடினார். அப்பர் 3 பதிகங்கள் பாடினார். மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடியதும் இந்த மலையடியில்தான் என்பார்கள்.

இவை எல்லாம் சைவர்களின் புனித நூல்களான பன்னிரு திருமுறையில் உள்ளன. சிவனைப் பாடிய புலவர்கள் எத்தனையோ பேர். அதில் இன்ன பாட்டுதான் திருமுறை என்று முடிவு செய்தது யார்?

பூட்டிய அறை

ஒரு கதை உண்டு. 14-ம் நூற்றாண்டில் உமாபதி சிவம் எழுதியதாகச் சொல்லப்படும் "திருமுறை கண்ட புராணம்" அதைக் கூறுகிறது.

சோழ மன்னன் ராஜராஜன் தேவாரத்தைக் கேட்டு உருகினான். ஆனால் ஏடுகள் எங்கே? திருநாரையூர்ப் பிள்ளையார் கோவிலில் பூஜை செய்து வந்த நம்பியாண்டார் நம்பி, "சிதம்பரம் கோவில் அறையில் இருக்கின்றன" என்றார்.

மன்னன் சிதம்பரம் சென்றான். பாடிய சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் வந்தால்தான் அறை திறக்கும் என்றனர் தீட்சிதர்கள்!

மூவரும் மறைந்து பல காலம் ஆயிற்றே? மன்னன் அவர்களுடைய சிலைகளை ஊர்வலமாகக் கொண்டுவந்து நிறுத்தினான். கதவு திறந்தது.

உள்ளே கரையான் புற்று! எண்ணெய் ஊற்றிப் புற்றைக் கரைத்தார்கள். பல ஏடுகள் மண்ணாகியிருந்தன. மிஞ்சியதை நம்பி தொகுத்தார். முதல் 7 திருமுறைகள் தேவாரம். 11-ம் திருமுறையில் நம்பியின் சொந்தப் பாடல்களும் இருக்கின்றன. தொகுத்தவருக்கு அந்த உரிமைகூட இல்லையா, என்ன!

கல் சொல்லும் சேதி

கதை சுவையானது. கல்வெட்டு சொல்லும் சேதி வேறு.

வேங்கிக்கால் வழியாக வேலூர் போய், காட்பாடியைத் தாண்டினால் திருவல்லம். அங்கே 9-ம் நூற்றாண்டுப் பல்லவர் கல்வெட்டில், கோவிலில் திருப்பதிகம் பாடுவோருக்கு நெல் கொடுக்க ஏற்பாடு இருக்கிறது. ராஜராஜன் பிறப்பதற்கு முன்பே! பிறகு அவனே தஞ்சைப் பெரிய கோவிலில் பதிகம் பாட 48 பேரை நியமித்தான்.

அறை பூட்டியிருந்தது. மக்கள் வாய் பூட்டியிருக்கவில்லை.

9-ம் திருமுறையில் கங்கைகொண்ட சோழபுரம் கோவிலைப் பற்றிய பதிகம் உண்டு. அக்கோவிலைக் கட்டியவன் ராஜராஜனின் மகன் ராஜேந்திரன். ஆகவே தொகுப்பு வேலை ஒரே மன்னன் காலத்தில் முடிந்துவிடவில்லை. 12-ம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரிய புராணம்தான் 12-ம் திருமுறை.

கிறிஸ்தவர்களின் புதிய ஏற்பாடும் இப்படி மெதுவாகவே உருவாயிற்று. ஏசுவுக்குப் பிறகு பல சுவிசேஷங்களும் கடிதங்களும் வழங்கின. ஊருக்கு ஊர் சபைகள் வாசித்தவை வேறுபட்டன. "வெளிப்படுத்தின விசேஷம்" வேண்டாம் என்றவர்களும் உண்டு. இன்றுள்ள 27 நூல்களும் அப்படியே ஒரு பட்டியலில் வருவது 367-ல்தான். எகிப்தில் அலெக்சாந்திரியா நகர பிஷப் அத்தனாசியார் எழுதிய கடிதம் அது. சபைகளில் நெடுங்காலம் வாசித்து வந்தவையே பட்டியலில் ஏறின.

தப்பிய பதிகம்

கரையான் தின்றது தின்றதுதானா?

திருவாரூர் மாவட்டத்தில் திருவிடைவாய் என்று ஓர் ஊர். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே கோவில் கல்வெட்டில் சம்பந்தர் பதிகம் ஒன்று கிடைத்தது. எந்த ஏட்டிலும் இல்லாத பதிகம்! யாரோ ஒருவர் அதைக் கல்லில் வெட்டி வைத்திருந்தார்.

இப்போது அச்சாகும் தேவாரப் புத்தகங்களில் அது 3-ம் திருமுறையோடு சேர்ந்து வருகிறது.